தோப்புக்குப் போன தண்ணீர்

அக்டோபர் 28

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீ, உன் வீட்டுக்காரி, சுண்டு மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? சுண்டு பள்ளிக்கூடத்தில் இன்னும் யாரையாவது கடிக்கிறாளா?

நம் தீக்குச்சிக் குருவிகள் இங்கிருந்து கிளம்பிவிட்டன. கடைசியாகப் போனது எஜமானி. வலது காலில் நான் போட்ட வெள்ளை வளையம், இடது காலில் நீலம். நாலு கோடையாக என் குடிசை வாசல் பெட்டியில் கூடு கட்டிக்கொண்டு, நான் கதவைத் திறந்தால் என்னையே அதட்டுகிறவள். சுண்டுவிடம் ஒன்று சொல். போன கடிதத்தின் அடியில் அவள் எஜமானிக்குச் சிவப்பு வால் போட்டு வரைந்திருந்தாள். சிவப்பு வால் ஆணுக்கு. பெண்ணுக்கு மஞ்சள்.

விளையாட்டுப் பேச்சு போதும். போன குளிர்காலம் உன் பக்கம் மழை பொய்த்ததே, அதன் பலனை நான் இங்கே வசந்தத்தில் அனுபவித்தேன். வந்தவை பாதிகூட இல்லை. வந்தவையும் நூலாக இளைத்து, தாமதமாக வந்து சேர்ந்தன. அவை முட்டையிட்டுக் குஞ்சு வாயைத் திறக்கும்போது மரத்தில் புழுக்காலமே முடிந்துவிட்டது. குஞ்சுகள் பசியில் செத்ததை ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தவள் நான். முன்பு மலையடிவாரம் வரைக்கும் இவை கூடு கட்டின. ஒவ்வொரு காடாகக் காலியாகி, இப்போது மிஞ்சியிருப்பது இந்த ஒரு காடு. மற்ற சில குருவிகள் இங்கேயே குளிர் குறைந்துவிட்டது என்று தெற்கே போகாமல் தங்கப் பழகிவிட்டன. இவற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. உன் ஏரிக்கரைத் தோப்பை விட்டால் வேறு வழி தெரியாது.

இந்த வருடமும் மழை இல்லை என்று வானிலைக்காரர்கள் சொல்கிறார்கள். தம்பி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவை புறப்படும் மார்ச் வரை அந்தத் தோப்பை ஈரமாக வைத்திரு. ஈரம் இருந்தால் பூச்சி இருக்கும், பூச்சி இருந்தால் உடம்பில் கொழுப்பு ஏறும், கொழுப்பு இருந்தால் வீடு வந்து சேரும். இன்னொரு குளிர்காலம் போனதைப் போல் போனால், அடுத்த வசந்தத்தில் நான் இந்தக் காட்டில் இருப்பதில் அர்த்தமே இல்லை.

உன் பக்கமும் என் பக்கமும் போன் எடுக்காதது ஒருவகையில் நல்லது. எடுத்தால் பாதிப் பேச்சில் சண்டை போட்டு வைத்துவிடுவாய். தாளில் என்றால் நான் சொல்வதை முழுக்கக் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


நவம்பர் 16

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. மூவரும் உயிரோடு இருக்கிறோம், சண்டை போடத் தெம்பும் இருக்கிறது. உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடு என்று சொன்னால் கேட்கவா போகிறாய்?

ஏரியைப் பார்த்தால் உனக்கு அழுகை வரும். நடுவில் மாட்டுக் குளம்படியும் வெடிப்பும்தான். பம்ப் போட்டு இறைத்தால் ஆழ்துளைக் கிணற்றில் கொஞ்சம் வருகிறது. அதைக் காவலர் குடியிருப்புக்கு மட்டும் விட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தோப்புக் காவலனும் நானே, பம்ப் ஓட்டுகிறவனும் நானே, குடியிருப்பில் குடியிருக்கிற ஒரே குடும்பமும் என்னுடையதே. ஆக, எந்த வால்வைத் திறப்பது என்று என்னைக் கேட்க ஆளில்லை. நீ கவலைப்படாதே.

தீக்குச்சிகள் வந்துவிட்டன. எஜமானியும் வந்துவிட்டாள். ஆனால் மகாராணிக்குத் தோப்பு பிடிக்கவில்லை போல. வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லை ஒட்டிய முள்புதரில் உட்கார்ந்திருக்கிறாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கேதான் ஓடும், அதில் மொய்க்கிற ஈயைப் பிடித்துத் தின்கிறாள். சுண்டு பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே அங்கே போய்க் குந்திக்கொள்கிறாள்.

நல்ல தண்ணீர் இப்படிப் புதருக்கு வீணாவானேன் என்று, துவைக்கிற கல்லிலிருந்து தோப்புக்கு ஒரு குழாய் போட்டிருக்கிறேன். வீட்டில் அதற்கும் ஒரு புலம்பல். சுண்டுவுக்கு உடம்பில் கொஞ்சம் சொறி. தினமும் குளிக்க முடியாததால் வந்திருக்கும், சரியாகிவிடும்.

வழக்கம்போல ஓரத்தை வீட்டுக்காரிக்கு விட்டிருக்கிறேன். என்னைப் பற்றி என்ன எழுதப்போகிறாளோ.

உன் தம்பி

(ஓரத்தில், வேறு கையெழுத்தில்) அண்ணி, சுகமா? "கொஞ்சம் சொறி" என்று எழுதியிருக்கிறார், பார்த்தேன். கழுத்திலிருந்து முழங்கால் வரை இருக்கிறது. அடியில் சுண்டு வரைந்திருப்பது எஜமானியாம். பூசணிக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். வால் மஞ்சள்தான்.


டிசம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எஜமானி வந்து சேர்ந்ததைப் படித்ததும் குடிசைக்குள் தனியாக ஒரு சுற்று ஆடினேன், முழங்கால் உடனே கணக்குத் தீர்த்துக்கொண்டது. இங்கே பனி இன்னும் சரியாக விழவில்லை. டிசம்பரில் சேற்றில் நடந்துகொண்டிருக்கிறேன்.

நீ எனக்காகச் செய்வது சாதாரணக் காரியம் இல்லை. பம்பை நிறுத்திவிடாதே. எல்லாத் தண்ணீரையும் தோப்புக்கே கொடு. அங்கே ஒரு துளி, இங்கே ஒரு துளி என்று சிதறவிட்டால் எதற்கும் பயன்படாது. தோப்பு ஒன்று பச்சையாக இருந்தால் போதும், எல்லாம் அங்கே வந்து ஒதுங்கிக்கொள்ளும். கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒரே பந்தலில் நெருக்கி உட்காருவதில்லையா?

சுண்டுவின் சொறிக்கு எண்ணெய் தடவச் சொல். உன் வீட்டுக்காரி கோபப்படுவாள், தெரியும். அவள் இடத்தில் நான் இருந்தாலும் கோபப்படுவேன். ஆனாலும் நான் சொன்னதாகச் சொல்: மனிதர்கள் வேறு குழாயைத் தேடிப் போய்க்கொள்ளலாம், பறவை எங்கே போகும்? மார்ச் வரைதான். எல்லாரும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

சுண்டுவின் பூசணிக்காயைப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். எஜமானி வந்து தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்கா


ஜனவரி 7

அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி?

நீ ஒருமுறை இங்கே வந்து இந்தத் தோப்பைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்க, நடுவில் இது மட்டும் பச்சை. வாய்க்கால் வெட்டி ஒவ்வொரு மரத்தடியிலும் தண்ணீரை நிறுத்தியிருக்கிறேன். கொசு, ஈ, வண்டு எல்லாம் அடைமழைக்கு வருவது போல வருகிறது. குருவிகளோ, தீப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினது மாதிரி. எந்தக் கிளையைப் பார்த்தாலும் சிவப்பு வால். வெளியிலிருந்து புதிதாக ஏதாவது ஒன்று உள்ளே தலைகாட்டினால் போதும், நாலு பேர் சேர்ந்து வேலிவரை துரத்திக்கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறார்கள். அத்தனை மிடுக்கு, அத்தனை கொழுப்பு. உன் மனம் குளிரும்.

பம்பின் பெல்ட் அறுந்துவிட்டது. டவுனுக்குப் போய் வாங்கிவந்து நானே மாட்டினேன். மெக்கானிக், "ஏங்க, ரெண்டு மரத்துக்காக இப்படி ஓட்டினா கிணறு தாங்காதுங்க" என்றார். மார்ச் வரை தாங்கினால் போதும் என்றேன்.

துவைக்கிற கல்லில் சொருகிய குழாயைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் திரும்பத் திரும்பச் சொருகினேன். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உன் தம்பி


ஜனவரி 25

என் தம்பிக்கு,

என்ன சொல்லி உன்னைப் பாராட்டுவது என்று தெரியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய் ரொட்டிக்கடைக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவருக்குக் குருவியும் காக்கையும் ஒன்றுதான், இருந்தாலும், "உங்க தம்பி மாதிரி பத்துப் பேர் இருந்தா உலகம் உருப்படும்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சூடான ரொட்டி ஒன்றை இனாமாகக் கொடுத்தார். அதில் பாதி உனக்குச் சேர வேண்டியது.

ஆனால் எஜமானியைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே. புதரைவிட்டுத் தோப்புக்கு வந்துவிட்டாளா? மஞ்சள் வால்கள் மற்றவை எப்படி இருக்கின்றன? சுண்டுவின் சொறி குறைந்ததா? இந்தமுறை அடியில் படம் இல்லையே, என்மேல் கோபமா?

உடனே பதில் எழுது. வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 15

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. மூன்று வாரமாகத் தபால்காரர் வெறுங்கையோடு வந்து போகிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரோடு சரியில்லையோ என்னமோ" என்று அவரே காரணமும் சொல்கிறார்.

உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். சந்தோஷத்தில் கண்ணில் படாதது இப்போது படுகிறது. எந்தக் கிளையைப் பார்த்தாலும் சிவப்பு வால் என்று எழுதியிருக்கிறாய். மஞ்சள் வால் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. வெளியிலிருந்து வந்த ஒன்றைத் துரத்தினார்கள் என்கிறாயே, அது யார்? அதன் வால் என்ன நிறம்?

எனக்கு இவற்றைக் கோடையில்தான் தெரியும் தம்பி. கோடையில் ஆண் முன்னே வந்து இடம் பிடித்துப் பாடும். பெண் பின்னால் வந்து பிடித்த இடத்தில் அமரும். ஆண் அவளை வரவேற்கத்தான் செய்யும், துரத்தாது. குளிர்காலத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஜோடியும் இல்லை, கூடும் இல்லை, சாப்பாடு ஒன்றே குறி என்று ஆன பிறகு, பலம் உள்ளவன் நல்ல இடத்தை எடுத்துக்கொண்டு மற்றவரை வெளியே தள்ளமாட்டானா? நான் ஏன் இதை யோசிக்கவில்லை? எல்லாத் தண்ணீரையும் ஒரே இடத்தில் கொட்டச் சொன்னவள் நான்தானே.

இதைக் கையில் வாங்கியதும் படித்து முடிக்கக்கூட நிற்காதே. வேலியைத் தாண்டி வெளியே போய்ப் பார். முள்காட்டில் மஞ்சள் வால்கள் இருக்கும். குழாயை எடுத்து அந்தப் பக்கம் திருப்பு. துவைக்கிற கல்லில் சொருகிய குழாயைப் பிடுங்கிப் போடு, அந்தத் தண்ணீர் புதருக்கே போகட்டும். ஓடு தம்பி, தயவுசெய்து ஓடு.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கத் தோன்றவில்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதம் நேற்று முன்தினம்தான் கைக்கு வந்தது. படித்ததும் போனேன். வேலிக்கு வெளியே முள்காட்டில் ஒரு இலை இல்லை. முதலில் ஒன்றும் தென்படவில்லை. பிறகு தரையைப் பார்த்தேன். ஒவ்வொரு முள்செடியின் அடியிலும், நிழல் விழும் பக்கமாக, ஒன்றிரண்டு. எல்லாம் மஞ்சள் வால். கையில் எடுத்தால் எடுத்ததே தெரியவில்லை, சருகு மாதிரி. நெஞ்செலும்பு கத்தி போல விரலில் தட்டுகிறது. சிலவற்றின் காலில் உன் வளையம் இருந்தது. அவற்றைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். என்னென்ன நிறம் என்று இப்போது எழுதக் கை வரவில்லை.

உயிரோடு இருந்த சில, வேலிக் கம்பியில் வந்து உட்கார்ந்து தோப்பைப் பார்த்தன. சிவப்பு வால்கள் பாய்ந்து வந்து விரட்டின. நான் கல்லெடுத்து அந்த ஆண்களை அடித்தேன் அக்கா. இத்தனை மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவற்றை நானே அடித்தேன். பறந்து போய் அடுத்த கிளையில் உட்கார்ந்துகொண்டன.

குழாயைத் திருப்பினேன். கிணறு கொஞ்ச நேரம் இருமியது. பிறகு மணல் வந்தது, பிறகு காற்று வந்தது. மெக்கானிக் சொன்னது போலவே ஆகிவிட்டது. அண்டாவில் இருப்பதை வாளியில் சுமந்துபோய்ப் புதர்களின் அடியில் ஊற்றுகிறேன். ஊற்றிய சுவடு தெரியாமல் மண் குடித்துவிடுகிறது. வீட்டுத் தேவைக்குக் கவலை இல்லை, ஒரு குடம் எனக்கு இரண்டு நாள் வருகிறது.

துவைக்கிற கல் பக்கத்துப் புதரிலும் தேடினேன். எஜமானி அங்கே இல்லை. செத்தும் கிடக்கவில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு நீ ஆசைப்படாதே.

சிவப்பு வால்கள் இன்று காலையிலிருந்து கிளம்புகின்றன. நல்ல தெம்போடு, சீக்கிரமாகவே. உன்னிடம் பத்திரமாக வந்து சேரும்.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், எழுந்து காட்டுக்குப் போகிறேன். அவ்வளவுதான் சுகம்.

அவை வந்துவிட்டன. வழக்கத்துக்கு முன்பாகவே, ஒன்றுகூட இளைக்காமல். பெட்டிக்கு ஒருவனாக உட்கார்ந்து பாடுகின்றன. இருபது வருடத்தில் இந்தக் காட்டில் இவ்வளவு பாட்டை நான் கேட்டதில்லை. விடியும் முன்பே ஆரம்பித்து வெயில் ஏறியும் ஓயாமல், மத்தியானத்திலும், சாயங்காலத்திலும். ஊரிலிருந்து ஆட்கள் நாற்காலி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரர் மனைவியோடு வந்தார். "என்னம்மா, இந்த வருஷம் கச்சேரி களை கட்டுது! எல்லாம் உங்க தம்பி புண்ணியம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜோடி கிடைத்த ஆண் இப்படிப் பாடமாட்டான் தம்பி. வாயை மூடிக்கொண்டு புழு தேடப் போய்விடுவான். பெண் வராதவன்தான் நிறுத்தாமல் பாடுவான். அவள் இந்த மரத்தைத் தாண்டிப் போயிருப்பாளோ, காதில் விழவில்லையோ என்று இன்னும் உரக்கப் பாடுவான். இந்தக் காடு முழுக்க இப்போது அந்தப் பாட்டுத்தான். கேட்க ஒரு மஞ்சள் வால் இல்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி பார்த்தேன். ஜனவரியிலிருந்து ஓரத்தில் உன் வீட்டுக்காரியின் எழுத்து இல்லை. அடியில் சுண்டுவின் படம் இல்லை. நான் நலம் என்று எழுதுகிறாய், நாங்கள் என்று எழுதவில்லை. குருவியின் வால் நிறத்தைக் கண்டுபிடித்த எனக்கு இது கண்ணில் படவில்லை பார்.

அவர்கள் எங்கே? உண்மையைச் சொல். நீ எழுதாவிட்டால் அவள் தங்கை வீட்டு முகவரிக்கே எழுதிக் கேட்பேன்.

அக்கா


மே 22

அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். தங்கை வீட்டு முகவரிக்குப் போட்ட கடிதம் கிடைத்தது. நானும் சுண்டுவும் இங்கே சுகமாகவே இருக்கிறோம். சொறி ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. தையல் கடை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. தெருக்குழாயில் காலையில் தண்ணீர் வரும். வரிசை நீளம்தான், ஆனால் வரும்.

டிசம்பர் கடைசியில் வந்துவிட்டோம். அதை அவர் உங்களுக்கு எழுதவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்கு ஆச்சரியம் இல்லை.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். குழந்தை சொறிந்து சொறிந்து ரத்தம் வந்த அன்று, ஒரு வாளி வெந்நீர் போட்டு அவளைக் குளிப்பாட்ட வேண்டும் என்று கேட்டேன். அவர் உங்கள் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். மனிதர்கள் வேறு குழாயைத் தேடிப் போய்க்கொள்ளலாம் என்று. சரி, தேடிக்கொள்கிறேன் என்று பெட்டியைக் கட்டினேன். பஸ் ஏறும்வரை பின்னாலேயே வருவார் என்று நினைத்தேன். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, அவர் வரவில்லை.

அந்தக் குழாயைப் பிடுங்கியது நான்தான். கோபத்தில் பிடுங்கியதாக அவர் நினைத்துக்கொண்டார். பாதி கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். மீதி சுண்டுவுக்காக. குழாய் போட்ட பிறகு புதரடி காய்ந்து, உங்கள் எஜமானி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தோப்புக்குப் போனால் சிவப்பு வால்கள் அடித்து விரட்டின, அதையும் நாங்கள் பார்த்தோம். அவரிடம் சொன்னேன். "குருவியப் பத்தி நீ எனக்குச் சொல்லிக் குடுக்கிறியா" என்று சிரித்தார். கிளம்பிய அன்று, வழியில் குடிக்க வைத்திருந்த பாட்டிலைச் சுண்டு அந்தப் புதரில் கவிழ்த்துவிட்டு வந்தாள். நான் திட்டவில்லை.

அவர் வாரம் தவறாமல் எனக்கு எழுதுகிறார் அண்ணி. ஒரு கடிதத்தைப் போல ஒன்று இருக்காது, அவ்வளவு அழகாக எழுதுகிறார். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை என்கிறார். பழையதையெல்லாம் நினைவுபடுத்துகிறார். தங்கைகூடப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். கடிதம் வந்துகொண்டே இருக்கிறது, ஆள் வரவில்லை. நான் எதற்குப் பதில் எழுத வேண்டும்?

எஜமானி அங்கே வந்துவிட்டதா என்று சுண்டு தினமும் கேட்கிறாள்.

தம்பி மனைவி


ஜூன் 10

தம்பிக்கு,

இது பெரிய கடிதம் இல்லை. நலம் விசாரிப்பை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

உன் வீட்டுக்காரி எழுதிவிட்டாள். நான் அவசரத்தில் எழுதிய ஒரு வரியைப் பிள்ளை அழும்போது எடுத்து வாசித்தாயாமே. எழுதின கையை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு நாள் இருந்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதுகிறேன், அது என் பாடு.

உன் பாடு இது. இங்கே பாட்டு ஓய்ந்துவிட்டது. ஜோடி கிடைத்து ஓயவில்லை. ஒவ்வொருவனாகச் சோர்ந்து, பெட்டியை விட்டு எங்கோ போய்விட்டான். மஞ்சள் வால் ஒன்றுகூட வரவில்லை தம்பி, எஜமானியும் வரவில்லை. எல்லாப் பெட்டியும் காலி. ஊர்க்காரர்கள், "என்னம்மா, சீசன் முடிஞ்சிடுச்சா" என்று நாற்காலியை மடித்துக்கொண்டு போனார்கள். ஆமாம், முடிந்துவிட்டது என்றேன். இனிமேல் இந்தக் காட்டில் எனக்கு வளையம் போட யாரும் இல்லை.

குருவிகளுக்கு நாம் செய்ததைத் திருப்பி எடுக்க வழி இல்லை. ஆனால் உன் பெண்டாட்டியும் பிள்ளையும் செத்துப்போகவில்லை, ஒரு பஸ் தூரத்தில் தெருக்குழாய் வரிசையில் நிற்கிறார்கள். நீயோ செத்த கிணற்றைக் காவல் காத்துக்கொண்டு வாரம் ஒரு கடிதம் பாடிக்கொண்டிருக்கிறாய். போதும், நிறுத்து. அழகாக ஒரு வார்த்தை பேசாதே. போய் அவள் தண்ணீரைத் தூக்கு.

எஜமானியைப் பற்றிச் சுண்டுவிடம் எதுவும் சொல்லிவிடாதே. எப்படிச் சொல்வதென்று எனக்கே தெரியவில்லை.

அக்கா


ஜூலை 10

அக்காவுக்கு,

இந்த ஊருக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் படுத்துக்கொள்கிறேன். தோப்புச் சாவியை மேலிடத்தில் ஒப்படைத்துவிட்டேன். திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் காலையில் குழாயடிக்குப் போனேன். அவள் வரிசையில் நின்றாள். என்னைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். நீ சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. பின்னால் போய் நின்றேன். அவள் காலடியில் இரண்டு குடம் இருந்தது. வரிசை நகரும்போது ஒன்றை அவள் நகர்த்தினாள், இன்னொன்றை நான் நகர்த்தினேன். யாரோ ஒரு பெண், "யாரும்மா இவரு?" என்று கேட்டாள். அவள் குடத்தைக் குழாய்க்கு அடியில் தள்ளினாள். நிரம்பியதும் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டு வாசல்படி வரை போய் வைத்துவிட்டு வந்தேன். மறுநாளும் அப்படித்தான். தினமும் அப்படித்தான்.

நேற்று படியில் குடத்தை வைக்கும்போது சுண்டு வெளியே வந்தாள். வளர்ந்திருக்கிறாள். கழுத்தில் தழும்பு இருக்கிறது. "எஜமானி வந்துட்டாளாப்பா?" என்றாள். நான் குனிந்து குடத்தைப் படியில் சரியாக நிறுத்தினேன். சட்டைப் பையில் இருந்த, நான் பாதி எழுதிய இந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். இன்று காலை படியில் வைத்திருந்தார்கள். அடியில் இருப்பது அவள் வரைந்தது. இந்தமுறை பூசணிக்காய் இல்லை, குருவிதான்.

தம்பி

(ஓரத்தில், வேறு கையெழுத்தில்) அண்ணி, சுகமா? இவர் தூக்கிக்கொண்டு வருவது ஒரு குடம், மற்றொன்றை நான்தான் தூக்குகிறேன், அதையும் அவர் எழுதவில்லை. நான் இன்னும் பேசவில்லை. மழை வருகிற மாதிரி மேகம் கூடியிருக்கிறது. எஜமானி எப்படி இருக்கிறது என்று சுண்டு கேட்டால் இவர் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். பிள்ளை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நீங்களாவது எழுதுங்கள்.